ஜனவரியிலேயே தெரிந்துவிடும் தண்ணீர்க் கணக்கு

சென்னையில் அடுத்த கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வருமா என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிகிறது. அடுத்த பெருமழைக்கு அக்டோபர் நடு வரை காத்திருக்க வேண்டும். இடையில் ஜூன், ஜூலையில் மாலை நேரத்தில் இடியோடு கொட்டும் மழை தெருவை நனைக்கும், ஏரியை நிரப்பாது. ஆகவே ஜனவரி முதல் தேதி ஏரிகளில் என்ன கிடக்கிறதோ அதுதான் ஒன்பதரை மாதத்துக்கான கையிருப்பு. அந்தக் கையிருப்பை ஒரு நாள் செலவால் வகுத்தால் குழாய் எந்த மாதம் வறளும் என்று வந்துவிடும். இதற்குக் கால்குலேட்டர் போதும்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி, அதாவது 11.26 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி). 2019-இல் நல்ல நாளில் சென்னைக் குடிநீர் வாரியம் நகரத்துக்குத் தந்துகொண்டிருந்தது 83 கோடி லிட்டர். ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். வகுத்தால் 34 நாள். "ஒரு டி.எம்.சி.ன்னா ஒரு மாசம்" என்ற வாய்க்கணக்கு இப்படி வந்ததுதான். இப்போது விநியோகம் நூறு கோடி லிட்டரைத் தாண்டிவிட்டதால் அந்த மாதம் நான்கு வாரமாகச் சுருங்கிவிட்டது.

வெளியிலிருந்து ஒரு சொட்டுகூட வராவிட்டாலும் நிரம்பிய ஏரிகள் ஓராண்டுக்குத் தாங்கும் போலத் தெரியும். தாங்காது. இவை மலையிடுக்கில் கட்டிய ஆழமான அணைகள் அல்ல. சமவெளியில் பரந்து கிடக்கும் ஆழம் குறைந்த ஏரிகள். சித்திரை வெயில் மேற்பரப்பிலிருந்தே பெரும் பங்கைக் குடித்துவிடும். கடைசியில் மதகுக்குக் கீழே தங்கும் தண்ணீர் தானாக வெளியே வராது. மோட்டார் வைத்து இறைத்தால்தான் உண்டு. நாளிதழில் தினமும் வரும் "ஏரிகளின் நீர் இருப்பு" கட்டத்தில் இந்த இரண்டு கழிவுகளும் இருக்காது. அதைப் பார்த்து ஆறுதல் அடைகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது 2019 ஜனவரிக்கு வருவோம். 2018 வடகிழக்குப் பருவமழை சென்னையில் வழக்கத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. ஏரிகளில் இருந்தது கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இரண்டும் முழுத் திறனில் ஓடினால் நாளுக்கு 20 கோடி லிட்டர். வீராணம் ஏரியிலிருந்து குழாய் வழியே 18 கோடி. 83 கோடியிலிருந்து இரண்டையும் கழித்தால் மீதி 45 கோடி. அதை அக்டோபர் நடு வரை ஏரிகளே தருவதென்றால் ஏறத்தாழ நாலரை டி.எம்.சி. வேண்டும். இருந்ததோ அதில் பாதிகூட இல்லை. வெயிலுக்குப் போவதைச் சேர்க்காமலே கணக்கு இப்படி நின்றது. ஆழ்துளைக் கிணறுகளும் விவசாயக் கிணறுகளும் கொஞ்சம் ஈடுகட்டும். பள்ளம் முழுவதையும் நிரப்பாது.

அதாவது ஜூன் மாதம் உலகப் பத்திரிகைகளெல்லாம் "சென்னை வறண்டது" என்று எழுதியபோது நடந்தது, ஜனவரியிலேயே தாளில் எழுதியிருந்த கணக்குதான். விநியோகம் படிப்படியாகக் குறைந்து ஜூனில் 52.5 கோடி லிட்டருக்கு வந்து நின்றது. உணவகங்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன. பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னன. தனியார் லாரிக்காரர்கள் சொன்னதே விலை.

ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். மாலை மரியாதையோடு வரவேற்பு. நாளுக்கு நான்கு நடை, ஒரு கோடி லிட்டர் என்பது திட்டம். அதற்கு ஒதுக்கியது 65 கோடி ரூபாய். பள்ளம் 30 கோடி லிட்டருக்கும் மேல். திட்டமிட்டபடி ரயில் ஓடினாலும் அந்தப் பள்ளத்தில் முப்பதில் ஒரு பங்குதான் நிரம்பும். ரயிலைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாதவனுக்கு ஒரு குடமும் பெரிது. ஆனால் ஆறு மாதம் முன்பே தெரிந்த பற்றாக்குறைக்கு ஜூலையில் கிடைக்கிற மருந்து இவ்வளவு விலையில், இவ்வளவு சிறிதாகத்தான் இருக்கும். 2001-லும் ஈரோட்டிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்திருக்கிறது. பதினெட்டு ஆண்டு கழித்தும் அதே யோசனைதான் கைக்கு எட்டியது.

ஒன்றாகக் கைவிடும் உறவுகள்

சென்னைக்குப் பல இடத்திலிருந்து தண்ணீர் வருகிறது, ஒன்று போனால் ஒன்று கைகொடுக்கும் என்று சொல்வதுண்டு. எத்தனை மூலங்கள் என்று எண்ணுவதில் பயனில்லை. எவை சேர்ந்தாற்போலக் காயும் என்று பார்க்க வேண்டும்.

நான்கு ஏரிகளும் ஒரே மழையை நம்பியவை. நகரத்தின் நிலத்தடி நீரும் அதே மழைதான். கிருஷ்ணா நீர் வேறு கணக்கு: 1983 ஒப்பந்தப்படி ஆந்திரத்தின் கண்டலேறு நீர்த்தேக்கம் வழியாக ஆண்டுக்கு 12 டி.எம்.சி., ஜூலை முதல் அக்டோபருக்குள் 8, ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் 4. 1996-இல் முதல் தண்ணீர் வந்தது. காகிதத்தில் உள்ள 12-ஐ நம்பித் திட்டம் போட்டவர்கள் ஏமாந்ததே அதிகம். கண்டலேறில் இருப்பு குறைந்த ஆண்டில் ஆந்திரம் தன் வயலையும் திருப்பதியையும்தான் முதலில் பார்க்கும். நாமாக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம்.

வீராணம் இன்னும் சுவையான கதை. 1960-களின் இறுதியில் தொடங்கி, குழாய்கள் சாலையோரமாக ஆண்டுக்கணக்கில் கிடந்து, குடும்பங்கள் குடியிருக்கும் இடமாகிப் போய், கடைசியில் புதிய வீராணம் திட்டம் என்ற பெயரில் 2004-இல்தான் சென்னைக்கு வந்தது. அந்த ஏரி கொள்ளிடத்துக் கீழணை வழியாகக் காவிரியை நம்பியது. காவிரி மேட்டூரை நம்பியது. மேட்டூர் நிரம்ப வேண்டிய தென்மேற்குப் பருவமழை கொட்டுவது குடகிலும் வயநாட்டிலும். 2018-இல் அங்கே வெள்ளம், மேட்டூர் நிரம்பியது. அதனால் 2019 கோடையில் நான்கு ஏரிகளும் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தபோதும் வீராணம் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. 2016-இல் இரண்டு பருவமழையும் பொய்த்தன. அதனால் 2017 கோடையில் வீராணமும் வறண்டது. அந்த ஆண்டுதான் மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்து ஊருக்குக் கொடுக்கும் நிலை வந்தது. 2019-ஐவிட 2017-இல்தான் பாடம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரயில் இல்லாததால் அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

மழையைச் சாராத மூலம் கடல் ஒன்றுதான். 2003-04-இல் சென்னையில் அது இல்லை. குழாய் வழி விநியோகம் கிட்டத்தட்ட நின்றேபோய், ஊரே லாரியில் குடித்தது. 2019-இல் இரண்டு நிலையங்கள் இருந்தன. இரண்டு பஞ்சங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுதான்.

படிக்கட்டு வேண்டும்

பற்றாக்குறைத் திட்டம் என்பது கெட்ட செய்தியை எந்த அளவில், யார், எப்படிச் சொல்ல வேண்டும் என்று நல்ல காலத்திலேயே எழுதி வைப்பது. கலிபோர்னியாவில் 3,000 இணைப்புகளுக்கு மேல் உள்ள நகரக் குடிநீர் நிறுவனங்கள் எல்லாம் இதை எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும், வரும் ஆண்டு வறட்சியாக இருக்கும் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, ஜூலை முதல் தேதிக்குள் மாநில அரசிடம் கொடுக்க வேண்டும். பற்றாக்குறைக்கு ஆறு படிகள்: 10 சதவீதம் வரை ஒன்று, 20 வரை ஒன்று என்று போய், 50-க்கு மேல் ஆறாவது படி. ஒவ்வொரு படியிலும் எதை நிறுத்துவது, எவ்வளவு மிச்சமாகும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அந்த அளவு வந்தால் அந்த நடவடிக்கை. கூட்டம் போட்டு யோசிக்க வேண்டியதில்லை.

கேப் டவுன் 2018-இல் செய்ததும் இதன் கடுமையான வடிவம்தான். அணைகளின் இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்கும் நாளை "டே ஸீரோ" என்று பெயரிட்டு, ஜனவரியிலேயே தேதியோடு அறிவித்தார்கள். அன்றைக்கு வீட்டுக் குழாய்கள் மூடப்படும். ஏறக்குறைய 200 இடங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். 40 லட்சம் பேர் உள்ள ஊரில் ஓர் இடத்துக்கு 20,000 பேர். அந்த வரிசையை நினைத்துப் பார்த்த மக்கள் குளியலைக் குறைத்தார்கள். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான். 2015-இல் நாளுக்கு 120 கோடி லிட்டர் குடித்த நகரம் 50 கோடிக்கு இறங்கி வந்தது. பக்கத்து விவசாயிகளும் தங்கள் அணையிலிருந்து தண்ணீர் விட்டுக்கொடுத்தார்கள். தேதி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. குழாய் மூடப்படவே இல்லை.

இதை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியுமா? முடியாது. கேப் டவுனில் வீட்டுக்கு வீடு மீட்டர் உண்டு. யார் 50 லிட்டரைத் தாண்டினார் என்று பில்லில் தெரியும். சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டரே கிடையாது. வாளியில் குளிப்பவருக்கும் தோட்டத்துக்குக் குழாய் பிடிப்பவருக்கும் ஒரே கட்டணம். எனவே இங்கே "சிக்கனமாகச் செலவு செய்யுங்கள்" என்ற விளம்பரம் விளம்பரமாகவே நின்றுவிடும். நம் ஊரில் ரேஷன் நேரத்தாலும் அழுத்தத்தாலும் நடக்கிறது: மூன்று மணி நேரம் விட்டதை ஒன்றரை மணி ஆக்குவது, தினமும் விட்டதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குவது. இது எல்லாரையும் சமமாகக் கடிப்பதில்லை. தரைமட்டத்துக்குக் கீழே பெரிய சம்ப்பும் மோட்டாரும் வைத்திருப்பவர் முதல் அரைமணியில் நிரப்பிக்கொள்வார். தெருக்கோடியில் அடிபம்பை நம்பியிருப்பவருக்குக் காற்றுதான் வரும்.

இன்னொரு தடையும் உண்டு. 2019-இல் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 18. பிப்ரவரியில் மேடையேறி "ஜூனில் குழாய் வறளும், இன்றிலிருந்து பாதி" என்று எந்த அரசியல்வாதி சொல்வார்? எந்தக் கட்சியும் சொல்லாது. படிக்கட்டு முன்கூட்டியே சட்டத்திலோ அரசாணையிலோ இருந்தால், அளவைப் பார்த்து அதிகாரி அறிவிப்பார். பழி மழையின் மேல் விழும். திட்டத்தைத் தாளில் எழுதி வைப்பதன் முதல் லாபமே இதுதான்.

லாரி, தெருத்தொட்டி, குடம்

விநியோகம் குறைந்ததும் சுமை முழுக்க லாரி மேல் ஏறும். 9,000 லிட்டர் லாரி ஒன்று தெருவுக்குள் வருகிறது என்று வையுங்கள். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 600 குடம். வீட்டுக்கு எட்டுக் குடம் என்றால் 75 வீடு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 30 லிட்டர் கிடைக்கும். பேரிடர் காலத்தில் ஆளுக்கு 15 லிட்டர் என்பது உலக நிவாரண அமைப்புகள் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு நம் நாட்டு விதி சொல்வது 135. மூலையில் வைத்திருக்கும் கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டியில் லாரிக்காரர் ஓஸைப் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிரம்பும். காலி செய்ய ஒரு மணி நேரம் ஆகும், ஏனென்றால் அடியில் இருப்பது நான்கு பைப்புதான். யார் முதலில் என்பதில்தான் சண்டை. டோக்கன் கொடுக்கும் தெருவில் சத்தம் குறைவு. லாரி வரும் நேரம் நிச்சயமாகத் தெரிந்தால் வேலைக்குப் போகும் பெண்கள் ஒருநாள் கூலியை இழக்க மாட்டார்கள். திட்டம் தீட்டும் மேசையில் பைப்பு எண்ணிக்கையும் லாரி நேரமும் பேசப்படுவதே இல்லை. எத்தனை லாரி என்பது மட்டும்தான் பேசப்படும்.

எந்தத் தெருவுக்கு எந்தத் தொட்டி என்பதுபோல, எந்த மருத்துவமனைக்கு எந்த லாரி என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஒருவருக்கு ஒருமுறை டயாலிசிஸ் செய்ய நூறு லிட்டருக்கு மேல் சுத்தமான தண்ணீர் ஓட வேண்டும். அதைத் தள்ளிப்போட முடியாது.

வாரியம் தரும் 83 கோடியோ 100 கோடியோ மட்டும்தான் நகரம் குடிக்கும் தண்ணீர் என்று நினைத்தால் திட்டம் பொய்யாகிவிடும். போர் தண்ணீரும் தனியார் லாரியும் கேன் தண்ணீரும் எந்தக் கணக்கிலும் முழுதாக வராமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது; சேர்ந்த பகுதிகளில் குழாய் பின்னால்தான் வந்தது, பல இடங்களில் இன்னும் வரவில்லை. அங்கே அடுக்குமாடிகள் ஆண்டு முழுக்க லாரியை நம்பியவை. நிலத்தடி நீர் காயும்போது இந்தக் கூட்டம் முழுவதும் வாரியத்தின் வாசலுக்கு வரும். கையிருப்பு இறங்கும் அதே மாதத்தில் கேட்பவர்கள் பெருகுவார்கள். பெங்களூருவில் 2024-இல் நடந்தது இதுவே. காவிரிக் குழாய் எட்டாத புறநகரில் ஆயிரக்கணக்கான போர்வெல்கள் வறண்டன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்ற உத்தரவு வரை போனது.

சென்னையின் உண்மையான அவசரகாலச் சேமிப்பு நிலத்தடியில்தான் இருக்கிறது. 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது அதனால்தான் பெரிய காரியம். ஆனால் அந்தச் சேமிப்பை நல்ல ஆண்டில் தொடாமல் விட்டால்தான் கெட்ட ஆண்டில் உதவும். மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணற்றுப் புலங்களில் நாம் அப்படி விடவில்லை. இறைத்துக்கொண்டே இருந்ததில் கடல் உள்ளே வந்து உப்பாக்கிவிட்டது.

காலிக் குழாயின் ஆபத்து

பற்றாக்குறை என்றால் அளவை மட்டும் பேசி நிறுத்திவிடுகிறோம். அதன் பின்னாலேயே வரும் நோயை மறந்துவிடுகிறோம். குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது விரிசல் வழியே வெளியே கசியும். தண்ணீரை நிறுத்தியதும் குழாய் வெற்றிடமாகி, வெளியே உள்ளதை உள்ளே இழுக்கும். பக்கத்தில் சாக்கடைக் குழாய் கசிந்துகொண்டிருந்தால் அதுதான் உள்ளே வரும். வீட்டு மோட்டார்கள் நேராகக் குழாயிலிருந்து உறிஞ்சினால் இது இன்னும் மோசம். எனவே விநியோகத்தைப் பாதியாக்கும் உத்தரவோடு, குளோரின் பரிசோதனையை இரட்டிப்பாக்கும் உத்தரவும் போக வேண்டும். சுகாதார ஆய்வாளர் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் சிறு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, மாறும் நிறத்தை குளோரோஸ்கோப்பின் அட்டவணையோடு ஒப்பிடுவார். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். முதல் வீட்டில் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் பயனில்லை. கடைசி வீட்டில்தான் குளோரின் தீர்ந்திருக்கும். காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவிப் பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கும் நிலை வந்ததை நினைவில் கொள்ளலாம்.

வெள்ள காலத்திலும் இதே ஆபத்துதான், வேறு வழியில். 2015 டிசம்பரில் சென்னையைச் சுற்றித் தண்ணீர். வீட்டுக்குள் குடிக்கத் தண்ணீர் இல்லை. சம்ப்புக்குள் சாக்கடை புகுந்துவிட்டது. மின்சாரம் போனதால் மேல்தொட்டிக்கு ஏற்ற முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. எண்ணூர்ப் பக்கம் கழிமுகத்திலும் கடலிலும் எண்ணெய் படர்ந்தது. கடல்நீர் நிலையங்கள் எங்கிருந்து உறிஞ்சுகின்றன என்று யோசித்தால் அந்தச் செய்தியின் கனம் புரியும். வறட்சிக்குக் கட்டிய காப்பு புயலுக்குக் காப்பாகாது. உந்து நிலையத்துக்கு ஜெனரேட்டரும் டீசலும், மேட்டில் ஏற்றி வைத்த மின்சுவிட்சுப் பலகையும், வெள்ளத்தில் போகக்கூடிய உயரமான லாரியும் பஞ்சத்துக்கான பட்டியலில் வராத பொருள்கள்.

வெட்டுவதற்கு என்ன மிச்சம்

2019-க்குப் பிறகு நிறைய நடந்திருக்கிறது. தேர்வாய்கண்டிகை ஏரி 2020-இல் திறக்கப்பட்டு அரை டி.எம்.சி. சேர்ந்தது. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் 2024-இல் திறந்தது. பேரூரில் 40 கோடி லிட்டருக்கு வேலை நடக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்து நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019-லேயே ஓடத் தொடங்கின. அடுத்த 2018 வந்தால் ஊர் முன்பைவிட நன்றாகத் தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பஞ்சம் வந்தால் முதலில் தொழிற்சாலைக்கு வெட்டு, பிறகு தோட்டத்துக்கு, கடைசியாக வீட்டுக்கு என்பது உலகமெங்கும் உள்ள வரிசை. தொழிற்சாலைகள் ஏற்கெனவே கழிவுநீருக்கு மாறிவிட்டால், வெட்டுவதற்கு எளிதான முதல் இடம் போய்விடுகிறது. சென்னையில் தோட்டம் வைத்திருப்போரும் மிகக் குறைவு. அடுத்த பெரும் பற்றாக்குறையில் முதல் வெட்டே வீட்டுக் குழாயில்தான் விழும், அல்லது கசிவில் விழ வேண்டும். கசிவில் வெட்ட எங்கே எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டும். வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்க அரசியல் துணிவு இல்லாவிட்டாலும், விநியோக நிலையத்திலிருந்து பிரியும் ஒவ்வொரு பெருங்குழாயிலும் ஒன்று வைக்கலாம். அதற்கு யாரும் ஓட்டுப் போடாமல் போகமாட்டார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு, எல்லாரும் தூங்கும்போது, அந்த மீட்டர் ஓடுகிற அளவைப் பார்த்தால் போதும். சம்ப்புகள் நிரம்பும் கணக்கைக் கழித்துவிட்டு மீதியாக ஓடுவது மண்ணுக்குள் போகிறது.